டீச்சரிடம் எதைக் கேட்பது?

பால்வாடி, பிளே ஸ்கூல், எல்.கே.ஜி. பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் நர்சரி ஆசிரியைகளுக்கும் பயிற்சி தருபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். நான் நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். ஜூன் முதல் வாரத்திலிருந்து தெருக்கோடியில் இருக்கும் பால்வாடியில் விட்டுவிட்டுப் போகிறேன். வாசலில் கால் வைத்ததுமே என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். "அவன் பார்க்காத நேரமாப் பார்த்து நழுவி வந்துரு" என்கிறார் மாமியார். "சொல்லிட்டுத்தான் போகணும்மா" என்கிறார் டீச்சர். சொல்லிவிட்டுப் போனால் அழுகை தெருமுனைவரை கேட்கிறது. அன்றைக்கு முழுதும் வேலையில் கையே ஓடுவதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு தாய், ராஜபாளையம்

பதில்: டீச்சர் சொல்வதைக் கேளுங்கள். மாமியாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நழுவிப் போனால் அந்த நேரத்து அழுகை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் திரும்பிப் பார்க்கிறபோது அம்மா இல்லை என்பதை ஒரு முறை கண்ட பிள்ளை, அதற்குப் பிறகு எந்த நேரத்திலும் அம்மா காணாமல் போகலாம் என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் வீட்டில் கொல்லைப்புறம் போனாலும் பின்னாலேயே வரும். கழிப்பறைக் கதவைத் தட்டும். ராத்திரி தூக்கத்தில் எழுந்து நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்களா என்று தடவிப் பார்க்கும். காலையில் மிச்சமான அழுகை ஊர்ப்பட்ட வட்டியோடு சாயங்காலம் வந்து சேரும்.

மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடிகாரம் கிடையாது. "சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன்" என்றால் அது அதற்கு வெறும் சத்தம். "சோறு சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சதும் அம்மா வந்துருவேன்" என்றால் புரியும். தினமும் அதே வார்த்தையில் சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். ஷிப்ட் மாறி வர முடியாத நாளில் யார் வருவார்கள் என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட பிறகு வாசலில் நின்று மறுபடி மறுபடி முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அம்மாவே தயங்குகிறாள் என்றால் உள்ளே ஏதோ ஆபத்து இருக்கிறது என்றுதான் பிள்ளை நினைக்கும்.

இது உங்கள் பங்கு. டீச்சரின் பங்கு இதைவிடப் பெரியது. நல்ல டீச்சர் பிள்ளையை உங்கள் இடுப்பிலிருந்து பிடுங்க மாட்டார். குத்துக்காலிட்டு அதன் கண் மட்டத்துக்கு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது கை நீட்டும்வரை காத்திருப்பார். முதல் சில நாள்கள் அம்மாவையோ பாட்டியையோ கூடவே உட்காரச் சொல்லி, பிறகு அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். புதுப் பிள்ளைக்கென்று ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இன்றைக்கு டீச்சர், நாளைக்கு ஆயாம்மா, அடுத்த நாள் சமையலுக்கு வந்தவர் என்று கை மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளை யாரிடமும் ஒட்டாது. அழுகிற பிள்ளைக்கு ஒரு வேலை கொடுப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம். பாய் விரிக்க ஒரு முனையைப் பிடிக்கச் சொல்வார்கள், தட்டுகளை எண்ணி அடுக்கச் சொல்வார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். கை ஒரு வேலையில் இறங்கியதும் மூச்சு சீராகும்.

சேர்க்கிற அன்றைக்கே டீச்சர் உங்களிடம் நாலு விஷயம் கேட்டிருக்க வேண்டும். ஒன்றுக்கு வந்தால் உங்கள் வீட்டில் என்ன வார்த்தை சொல்வான்? எப்படித் தூங்குவான், தட்டிக் கொடுக்க வேண்டுமா? எதற்குப் பயப்படுவான், மிக்ஸி சத்தமா, நாயா? யாரைப் பற்றிப் பேசினால் சிரிப்பான்? கேட்காவிட்டால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். "உச்சா" என்று சொல்கிற பிள்ளை "பாத்ரூம்" என்று கேட்கத் தெரியாமல் உடுப்பை நனைத்துக்கொண்டு கூசி நிற்பதை நான் எத்தனையோ மையங்களில் பார்த்திருக்கிறேன். அது பிள்ளையின் குற்றமே இல்லை.

பழைய செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். சிறிய அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமியைப் பற்றிய படம் அது. அக்காலத்தில் அங்கே பெற்றோரைக் கூட இருக்க விடுவதில்லை. அந்தப் பிள்ளை அதிகம் அழவில்லை. சமர்த்தாக இருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள மறுத்துவிட்டாள். வாய் திறக்காத பிள்ளைக்குள் எவ்வளவு நடக்கிறது என்பதை டாக்டர்கள் படத்தில் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். பிற்பாடு அங்கே மருத்துவமனை விதிகளே மாறின.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வாசலில் உரக்க அழுகிற உங்கள் மகனைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அழவும் இல்லாமல், ஆடவும் இல்லாமல், சுவரோரம் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத்தான் நல்ல டீச்சர் முதலில் கவனிப்பார். ஆகவே நாளைக்கு டீச்சரிடம் "அழுதானா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "நான் போனப்புறம் எவ்வளவு நேரத்தில் அடங்கினான்? அடங்கினதும் யார் பக்கத்தில் போனான்? எதை எடுத்தான்? சாப்பிட்டானா?" என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் உங்கள் பிள்ளை பார்க்கப்படுகிறான் என்று அர்த்தம். நீங்கள் நிம்மதியாக ஆலையில் வேலை பார்க்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம். அங்கே நாள் முழுக்கச் சமர்த்தாக இருந்தவன் உங்களைப் பார்த்ததும் தரையில் புரண்டு அழுதால், "டீச்சர் என்ன பண்ணினாங்களோ" என்று உடனே சந்தேகப்படாதீர்கள். அடக்கி வைத்திருந்ததை யாரிடம் கொட்டினால் அடி விழாதோ அவரிடம்தான் பிள்ளை கொட்டும். கொஞ்ச நாள் படுக்கையை நனைப்பதும் இதில் சேர்த்திதான். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்தும் அழுகை துளியும் குறையவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஒரு குறிப்பிட்ட ஆளையோ அறையையோ கண்டு மிரள்கிறான் என்றால் அது வேறு. அப்போது விடாமல் விசாரியுங்கள்.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லியே சொல்லலாம். சாப்பிட அடம்பிடிக்கும்போது "டீச்சர்கிட்ட சொல்லிடுவேன், ஊசி போட்டுருவாங்க" என்று மிரட்ட வேண்டாம். இரவில் டீச்சரைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டுக் காலையில் அதே பூச்சாண்டியிடம் பிள்ளையை ஒப்படைத்தால், அது அழாமல் என்ன செய்யும்?

கேள்வி: மகளுக்கு நான்கேகால் வயது. நல்ல பெயர் வாங்கிய பள்ளி என்று கடன் வாங்கிச் சேர்த்தேன். பக்கத்து வீட்டுப் பையன் வேறு பள்ளியில் நூறுவரை எழுதுகிறான், ஏ முதல் இசட் வரை நோட்டை நிரப்புகிறான். என் மகள் தினமும் கை நிறையக் களிமண்ணோடு வருகிறாள். கேட்டால் "இந்த வயசுல விளையாட்டுதான் சார் படிப்பு" என்கிறார் ஆசிரியை. விளையாட வீட்டு வாசலே போதுமே, இதற்கு எதற்குக் காசு?
— ஒரு தந்தை, கோவை

பதில்: காசு கொடுத்தவர் கணக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் கணக்கை எந்த நோட்டில் பார்ப்பது என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு.

முதலில் உங்கள் மகளின் மணிக்கட்டைப் பற்றிப் பேசலாம். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்பே அல்ல, குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக, வருஷக்கணக்கில் இறுகுகின்றன. நாலு வயதில் அந்த வேலை பாதியில்தான் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதை ஒட்டி வட்டம் வரைவார்கள், நாலு வயதில் கூட்டல் குறி, நாலரையை ஒட்டிச் சதுரம், ஐந்தில்தான் முக்கோணம். முக்கோணத்தின் சாய்கோடு கைக்கு வசப்படாத பிள்ளையிடம் ஏ-யும் கே-யும் எழுதச் சொன்னால் எழுதும்தான். கையை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்து, கோடு தாண்டியதற்குத் திட்டும் வாங்கி எழுதும். தமிழிலும் அதேதான். ட, ப, ம எல்லாம் பெரும்பாலும் நேர்கோட்டு எழுத்துகள், சீக்கிரம் வந்துவிடும். அகர வரிசைப்படிதான் எழுத வேண்டும் என்று அடம்பிடித்து, முதல் வாரத்திலேயே அ, இ என்று சுழிகளில் பிள்ளையைத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை.

களிமண்ணைப் பிசைவதும் உருட்டுவதும் கிள்ளுவதும், பென்சில் பிடிக்கப்போகும் அதே மூன்று விரல்களுக்கான வேலைதான். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கு எலும்பியல் தெரியாது. ஆனாலும் எழுத்தாணியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள். விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து நீங்களும் எழுத வைத்திருப்பீர்கள். பெரிய அசைவு முதலில், சின்ன அசைவு பிறகு. அந்த வரிசை நமக்குப் புதிதில்லை. நடுவில் நோட்டு வந்துதான் அதைக் கெடுத்தது.

எண்ணும் அப்படித்தான். நூறுவரை எழுதுகிற பக்கத்து வீட்டுப் பையனிடம் "ஏழு புளியங்கொட்டை எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். பலர் கை நிறைய அள்ளிக்கொண்டு வருவார்கள். ஒப்பிப்பது ஒன்று, ஏழு என்றால் எவ்வளவு என்று தெரிவது வேறொன்று. ஒரு பல்லாங்குழி வாங்கிப் போடுங்கள். குழிக்கு ஒன்றாகப் போட்டு வரும்போது ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் பிடிபடும், காலிக் குழி வரும்போது பூஜ்யம் என்றால் என்ன என்று கண்ணாலேயே தெரியும். கணக்கில் முதல் படி அதுதான்.

"பின்னால் இதனால் என்ன பயன்?" என்பீர்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி ஊரில் 1962-ல் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். பெரி பாலர் பள்ளி ஆய்வு என்று கல்வித் துறையில் அதைத் தெரியாதவர் இல்லை. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை மூன்று, நான்கு வயதில் காலை வகுப்பில் சேர்த்தார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். வகுப்பில் பிள்ளைகள் எதைச் செய்வது என்று தாங்களே திட்டமிடுவார்கள், செய்வார்கள், பிறகு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். சில வருஷங்களிலேயே அறிவுத் தேர்வு மதிப்பெண்ணில் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டது. தோல்வி என்று மூடியிருக்கலாம். மூடாமல் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். வகுப்புக்குப் போனவர்களில் பள்ளி இறுதியை முடித்தவர்கள் அதிகம், சம்பாத்தியம் அதிகம், கைதானவர்கள் குறைவு. மதிப்பெண்ணில் தங்காத ஏதோ ஒன்று ஆளிடம் தங்கிவிட்டது. பொறுமையாக ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது, மற்றவரோடு ஒத்துப்போவது என்று அதற்குப் பல விளக்கம் சொல்கிறார்கள். இந்த ஆய்வைச் சொல்பவர்கள் பலர் விட்டுவிடும் தகவல் ஒன்றும் உண்டு. அந்த ஆசிரியைகள் வாரம் தவறாமல் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய், ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள். பலன் வகுப்பறையால் வந்ததா, வீட்டு வாசலால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கெல்லாம் மறுபக்கம் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். "விளையாட்டுதான் படிப்பு" என்ற வாசகத்தைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, நாலு பொம்மையைக் கொட்டிவிட்டு, மூலையில் உட்கார்ந்து போன் பார்க்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே நீங்கள் கொடுக்கும் காசு வீண்தான். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் என் மகள் எதைச் செய்யப் பார்த்தாள், எங்கே திணறினாள்?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று பதில் வந்தால் யோசியுங்கள். "மூணு கட்டையை அடுக்கி அது மேல தட்டையா ஒண்ணை வைக்கப் பார்த்தா, விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நான் சொல்லித் தரல. நாலாவது தடவை அடியில பெரிய கட்டையை வச்சா" என்று பதில் வந்தால், அந்த ஆசிரியையை விட்டுவிடாதீர்கள்.

களிமண் கையை மட்டும் வீட்டு வாசலிலேயே கழுவிவிடுங்கள். உங்கள் மனைவியும் அதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: பேத்திக்கு இரண்டு வருஷம் எட்டு மாதம். 'அம்மா', 'தா' தவிர வேறு பேச்சு இல்லை. பால்வாடி டீச்சர் என் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு தடவை டாக்டர்கிட்ட காமிங்க" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரே சண்டை. "என் பிள்ளைக்குக் குறை சொல்ல அவ யாரு?" என்கிறான் மகன். அவனும் சின்ன வயதில் தாமதமாகத்தான் பேசினான். காத்திருக்கலாமா?
— ஒரு பாட்டி, திருநெல்வேலி

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. இந்த வாரமே போங்கள்.

உங்கள் மகன் தாமதமாகப் பேசி நன்றாக இருக்கிறார், சந்தோஷம். எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர வேண்டும். மூன்று வயதில் பிள்ளை பேசுவது வெளியாளுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். உங்கள் பேத்தி அந்த அளவுக்குப் பின்னால் இருக்கிறாள். முதலில் பார்க்க வேண்டியது காதை. அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டாலே கேட்பது மங்கிவிடும். கேட்காததைப் பிள்ளை எப்படிப் பேசும்? அதற்கு வைத்தியம் உண்டு. காது சரியாக இருந்தால் அடுத்ததைப் பார்ப்பார்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் மாவட்டத் தலைநகரில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சி உட்பட அங்கே கட்டணம் கிடையாது. குழு எப்போது வரும் என்று டீச்சருக்குத் தெரியும். அதுவரை காத்திருக்காமல் நேரிலும் போகலாம்.

டீச்சர் மேல் கோபம் வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர் நோய்ப் பெயர் எதையும் சொல்லவில்லை. பத்துப் பேர் முன்னால் சொல்லவில்லை. மருமகளைத் தனியே அழைத்து, டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு வம்பே இல்லை. ஊரில் கெட்ட பெயர் வரும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார். அரைகுறையாகப் படித்துவிட்டு "ஆட்டிசம் மாதிரி இருக்கு" என்று தாயின் தலையில் இடியைப் போடுகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அந்த வார்த்தையைச் சொல்வது டாக்டரின் வேலை. தான் கண்டதைச் சொல்வதுதான் டீச்சரின் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாளா, மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் செய்கிறாளா என்பதை அவரிடமே கேட்டு எழுதி வாங்கி டாக்டரிடம் கொண்டுபோங்கள். பத்து நிமிஷம் பார்க்கிற டாக்டருக்கு, மாதக்கணக்கில் பார்த்தவரின் குறிப்பு பொன்னானது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. செல்போனை எடுத்து வையுங்கள். இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கீரை ஆயுங்கள். ஆய்ந்துகொண்டே பேசுங்கள். அவள் 'தா' என்றால், "கீரை தாவா? இந்தா கீரை" என்று ஒரு சொல் கூட்டிக் கொடுங்கள். பேசினால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளையின் பிளே ஸ்கூலில் சாப்பிடாத குழந்தைகளைத் தனியே இருட்டறையில் உட்கார வைக்கிறார்களாம். ஸ்கேலால் அடித்த தடமும் ஒரு நாள் பார்த்தேன். கேட்டால் பிள்ளை மேல் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: நாளைக்கு அனுப்பாதீர்கள். தடம் இருந்தால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். ஆறு வயதுக்குக் கீழே என்பதால் சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொறுப்பில் இருப்பவர் குழந்தையை அடித்துத் துன்புறுத்தினால் அது இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 75-ஆம் பிரிவின்படி குற்றம். அது பதினெட்டு வயதுவரை எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும். 1098 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. மற்றப் பெற்றோரையும் கேளுங்கள், நீங்கள் ஒருவர் மட்டும் பயந்துகொண்டிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். பிள்ளைகளோடு எனக்குப் பிரச்சினையே இல்லை. பெற்றோர்தான். தாய்மார் கூட்டம் போட்டால் நாலு பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேர் சத்துமாவு வாங்க வந்தவர்கள். "சோறு போடுற இடம்தானே" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். பதிவேடு, செல்போன் பதிவு, எடை, கணக்கு என்று என் நேரமும் போய்விடுகிறது. பெற்றோரை எப்படி உள்ளே கொண்டுவருவது?
— ஒரு டீச்சர், தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும்.

"சோறு போடுற இடம்" என்று சொல்கிறவர்களோடு சண்டை போடாதீர்கள். சோறு சின்ன விஷயம் இல்லை. 1982-ல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் விரிந்தபோது பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தார்கள். 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே, சத்துணவு, தடுப்பூசி, பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மாருக்கான அறிவுரை எல்லாவற்றோடும் முன்பருவக் கல்வியும் இருந்தது. அந்தக் கடைசிச் சேவையைத்தான் ஊர் மறந்துவிட்டது. ஊர் என்றால் பெற்றோர் மட்டும் இல்லை. மேலே இருந்து வருகிற ஆய்வு அதிகாரியும் பதிவேட்டைத்தான் புரட்டுகிறார். பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து ஒரு கதையைக் கேட்டுவிட்டுப் போனவர் எத்தனை பேர்? ஒரே ஆளிடம் பாட்டு, எடை, சமையல், கணக்கு, செல்போன் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, அந்த ஆள் பாசமாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. பதிவு வேலைக்குத் தனி ஆள் வேண்டும்.

அது நடக்கும்வரை உங்கள் கையில் இருப்பதைப் பேசுவோம். கூட்டத்துக்கு வராத தாய் தினமும் இரண்டு முறை உங்கள் வாசலுக்கு வருகிறாள், விடவும் கூட்டிப் போகவும். அந்த அரை நிமிஷம்தான் உங்கள் கூட்டம். கூட்டிப் போகும்போது ஒரே ஒரு சேதி சொல்லுங்கள், அந்தப் பிள்ளையைப் பற்றி, அன்றைக்கு நடந்தது. "இன்னிக்கு இவன் தன் முட்டையில பாதியைப் புதுப் பொண்ணுக்குக் கொடுத்தான்." "யானை கதையில யானை ஏன் அழுதுச்சுன்னு கேட்டா." எல்லாப் பிள்ளைக்கும் தினமும் முடியாது. நாளுக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். குறையைச் சொல்ல வேண்டிய நாள் வருவதற்கு முன்னால், நல்லதாக நாலு சேதி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களைக் கண்டாலே தாய்க்கு வயிற்றைக் கலக்கும்.

எடை போடும் நாளையும் மாற்றிப் பாருங்கள். நீங்கள் அட்டையில் புள்ளி வைத்துவிட்டு மூடிவிடாமல், தாயையே வைக்கச் சொல்லுங்கள். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கும் கோட்டைத் தன் கையால் போட்டவளுக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம். "இவ மட்டும் ஏன் இறங்குறா?" என்று அவளே கேட்பாள். எழுதத் தெரியாத தாய்க்கும் இது முடியும்.

வீட்டுக்குப் போவது உங்கள் வேலைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலும் கணக்கெடுக்கத்தான் போகிறோம். ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரத்தில் 1986, 1987-ல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். உங்களைப் போன்ற உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம், இரண்டு வருஷம், ஏழை வீடுகளுக்குப் போனார்கள். கையில் விலையுள்ள பொம்மை எதுவும் இல்லை. டப்பா, மூடி, மரத்துண்டு இவற்றில் செய்ததைக் கொடுத்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். அடுத்த வாரம் வேறொன்றைக் கொண்டுபோய் மாற்றுவார்கள். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பணியாளர்கள் போய்வந்த வீட்டுப் பிள்ளைகள் ஆய்வில் இருந்த மற்றவர்களைவிடக் கால் பங்கு அதிகம் சம்பாதித்தார்கள். அதே ஆய்வில் கூடுதல் உணவு மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் இப்படி ஒரு பலன் நீடித்து நிற்கவில்லை. சோறும் வேண்டும், தாயோடு விளையாட்டும் வேண்டும் என்று உங்கள் ஊர்க்காரர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்.

வாரம் எல்லா வீடும் உங்களால் ஆகாது. மாதம் நாலு வீடு. ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் புளியங்கொட்டை, கிச்சு கிச்சு தாம்பாளம் விளையாட ஒரு பிடி மணல், இவை போதும். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பயிற்சியில் நீங்கள் கற்றதில் பாதியை எந்தச் சாமானும் இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம். போகும்போது பதிவேட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதைக் கண்டால் எல்லோரும் சரியான பதிலை யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்பா இருக்கும் நேரம் பார்த்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. பாட்டியிடம் முதலில் பேசுங்கள். பல வீடுகளில் பிள்ளைக்கு என்ன ஊட்டுவது, எப்போது உறங்க வைப்பது என்பதெல்லாம் அவர் கையில்தான். தாயை மட்டும் பிடித்து அறிவுரை சொன்னால், நீங்கள் போன பிறகு அவளுக்குத்தான் ஏச்சு விழும்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் டீச்சர் வீடு தேடி வந்தால், "என்ன டீச்சர், கணக்கெடுப்பா?" என்று வாசலில் நிற்கவைத்தே அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். பிள்ளையைப் பற்றி அவர் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள்.